வாரன்டி முடிஞ்ச காரில் 'டிக் டிக்' சத்தமா? இன்ஜினை இறக்கும் முன் முதல் 2,000 ரூபாயை இதுக்குச் செலவு பண்ணுங்க



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில மருங்காபுரியிலிருந்து எங்க பெரியப்பா மகன் போன் பண்ணினார். நல்லா இருக்கியான்னு கூட கேட்கல. எடுத்ததுமே ஒரே கேள்விதான். "தம்பி, ரெண்டு லட்சம் எஃப்.டி. போட்டிருக்கேன்ல, அதை இப்ப உடைச்சா எவ்வளவு பிடிப்பாங்க?"

அந்த எஃப்.டி. எதுக்குன்னு எனக்குத் தெரியும். அண்ணன் மகள் நர்சிங் படிக்குது. அடுத்த வருஷ ஃபீஸுக்கு ஒதுக்கி வெச்ச காசு. "எதுக்குண்ணே உடைக்கணும்?"னு கேட்டேன்.

"கார்ல சத்தம் வருதுப்பா. டிக் டிக்னு. இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க. 1,18,000 ரூபாய் எஸ்டிமேட்."

கார் 2015 மாடல் டீசல். சின்ன கார்தான். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கு. வாரன்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. ஆனா அந்த வீட்டுக்கு அந்தக் கார் ரொம்ப முக்கியம். பெரியப்பாவுக்கு இதயப் பிரச்சினை. மாசத்துக்கு ஒரு தடவை திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரி, கம்பெனி சர்வீஸ் சென்டர் எல்லாத்துக்கும் வடக்கே திருச்சி, இல்லைன்னா தெற்கே மதுரைதான். எந்தப் பக்கம் போனாலும் நாலுவழிச் சாலையில ஒரு மணி நேரம் ஆகும். நடு ராத்திரியில பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கினா, காரை நம்பிக் கிளம்ப முடியணும்.

அண்ணன்கிட்ட ரெண்டாவது யோசனையும் இருந்தது. "இதுல 1,18,000 போடுறதுக்குப் பேசாம புது கார் எடுத்துடலாமா? ஜி.எஸ்.டி. வேற குறைச்சிருக்காங்கல்ல?"

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த எஸ்டிமேட் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன டெஸ்ட் பண்ணினாங்க?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார், "பானெட்டைத் திறந்து கேட்டுப் பார்த்தாங்கப்பா."

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வாரன்டி முடிஞ்ச காரில் சத்தம் வந்தா, முதல் செலவு பரிசோதனைக்கு. ரிப்பேருக்கு இல்லை. அளந்து பார்த்த ஒரு எண் பேப்பர்ல வராம, பெரிய ரிப்பேருக்கு 'சரி'ன்னு சொல்லாதீங்க. மணப்பாறை மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்காம யாரும் மாட்டுக்கு விலை பேச மாட்டாங்க. ஒரு லட்ச ரூபாய் இன்ஜின் வேலைக்கு மட்டும் காதால கேட்டதை நம்பித் தலையாட்டுறோம்.

எதிர்ப் பக்கத் தப்பையும் நான் பண்ணியிருக்கேன்

"சத்தம்தானே, ஓட்டு"ன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. 2018-ல என்கிட்ட ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. மதுரையிலிருந்து திருச்சிக்கு வந்துட்டிருந்தேன். ரெண்டு வாரமாவே இன்ஜின் மேல் பக்கத்துல லேசா டிக் டிக். விராலிமலை தாண்டினதும் டேஷ்போர்டில சிவப்பு ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கிட்டு அணைஞ்சது. "வீட்டுக்குப் போய் ஆயில் ஊத்திக்கலாம்"னு ஓட்டினேன். திருச்சி எல்லையைத் தொடுறதுக்குள்ள சத்தம் டிக் டிக்லேர்ந்து டங் டங்னு மாறி, வண்டி நின்னுடுச்சு. பேரிங் போய் கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் அடி. பில் 74,000 ரூபாய். நாற்பது நாள் கார் இல்லை.

அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள் டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்துப் பார்த்திருந்தா ஒரு லிட்டர் ஆயிலோட முடிஞ்சிருக்கும். அதனாலதான் சொல்றேன், பயந்து செலவு பண்றதும் நஷ்டம், பார்க்காம விடுறதும் நஷ்டம். ரெண்டுமே அளந்து பார்க்காம எடுத்த முடிவு.

முதல்ல சத்தத்தைப் பிரிச்சுப் பாருங்க

மெக்கானிக் ஆகச் சொல்லல. ஆனா நாலு விஷயம் தெரிஞ்சிருந்தா பட்டறையில உங்க பேச்சுக்கு மரியாதை கிடைக்கும்.

*டிக் டிக்:* மெல்லிசா, வேகமா, தையல் மெஷின் மாதிரி. பெரும்பாலும் இன்ஜினோட மேல் பாகத்திலிருந்து வரும். வால்வு, டேப்பட், இன்ஜெக்டர் எல்லாம் அங்கதான் இருக்கு. உடனே உயிர் போற சமாச்சாரம் இல்லை. ஆனா தள்ளிப் போடவும் கூடாது.

*டங் டங்:* கனமா, ஆழமா, கீழ்ப் பக்கத்திலிருந்து வரும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா, ஏத்தத்துல ஏறினா அதிகமாகும். இது பேரிங் சம்பந்தப்பட்டதா இருக்கலாம். வண்டியை ஓட்டாதீங்க. டோ பண்ணுங்க. டோ செலவு எவ்வளவு ஆனாலும் கிராங்க் ஷாஃப்டை விடக் குறைவுதான்.

*காலையில ஸ்டார்ட் பண்ணதும் சில விநாடி மட்டும்:* ராத்திரி முழுக்க நின்னதுல ஆயில் கீழே இறங்கியிருக்கும். அது மேல ஏறுற வரைக்கும் சத்தம் வரலாம். சில விநாடியில அடங்கினா கவலைப்பட ஒன்னுமில்லை. நாளுக்கு நாள் அந்த நேரம் நீண்டுகிட்டே போனா காட்டணும். தரமில்லாத ஆயில் ஃபில்டர் போட்டாலும் இப்படி ஆகும். ஃபில்டருக்குள்ள ஆயில் திரும்பி வடியாம தடுக்க ஒரு வால்வு இருக்கும், மலிவான ஃபில்டர்ல அது ஒழுங்கா வேலை செய்யாது.

*குளிர்ச்சியா இருக்கும்போது சத்தம், சூடானதும் குறையுது:* எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில லீக் இருக்கலாம். சூட்டுல இரும்பு விரிஞ்சு இடைவெளியை அடைச்சுக்கும், சத்தம் குறையும். இன்ஜினுக்குள்ள எந்தக் கோளாறும் இருக்காது. ஆனா காதுக்கு அச்சு அசல் டேப்பட் சத்தம் மாதிரியே கேட்கும்.

இதுக்கு மேல, சத்தமே கோளாறு இல்லாத இடமும் உண்டு. காமன் ரெயில் டீசல் இன்ஜின்லயும், நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் பீய்ச்சுற புது இன்ஜின்லயும் இன்ஜெக்டர் டிக் டிக்னுதான் வேலை செய்யும். அது அதோட சுபாவம்.

ஒன்னு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் அளவு குறைஞ்சதுக்கான முன்னறிவிப்பு இல்லை. ஆயில் பிரஷரே இல்லாமப் போச்சுன்னு சொல்ற கடைசி எச்சரிக்கை. ஓடும்போது எரிஞ்சா ஓரங்கட்டி இன்ஜினை உடனே அணைக்கணும். என் 74,000 ரூபாய் பாடம் அதுதான்.

மலிவானதிலிருந்து ஆரம்பிங்க

இதுதான் நான் அண்ணனுக்குச் சொன்ன வரிசை. செலவு குறைஞ்சது முதல்ல, அதிகமானது கடைசியில.

1. டிப்ஸ்டிக். செலவு பூஜ்யம். சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு பத்து நிமிஷம் விட்டுட்டுப் பாருங்க. ஆயில் குறைஞ்சிருந்தா மேனுவல்ல சொன்ன அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மேல் கோட்டைத் தாண்ட விடாதீங்க, அதுவும் கெடுதல்தான்.

2. கடைசியா என்ன ஆயில் போட்டாங்க, எப்போ போட்டாங்க? பழைய பில்லை எடுங்க. 5டபிள்யூ-30 போட வேண்டிய இன்ஜினுக்கு வேற ஏதாவது போட்டிருக்காங்களான்னு பாருங்க. கிராமத்துல கார் கம்மியாத்தான் ஓடும். "இன்னும் பத்தாயிரம் கி.மீ. ஆகலையே"ன்னு ரெண்டு வருஷம் அதே ஆயில்ல ஓட்டுறவங்க நிறைய. கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு.

3. சத்தம் வர்ற இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மெக்கானிக்குங்க நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜின் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேட்பாங்க. ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு கருவியும் இருக்கு. பெல்ட்டைக் கழட்டிட்டுச் சில விநாடி ஓட விட்டா, சத்தம் புல்லி பேரிங்கில இருந்தா அப்பவே நின்னுடும். இதெல்லாம் அனுபவம் உள்ளவங்க பண்ணட்டும். முக்கியமா டீசல் இன்ஜின்ல இன்ஜெக்டர் பைப்பில நீங்க கை வைக்காதீங்க, உள்ள பிரஷர் பயங்கரமா இருக்கும்.

4. ஆயில் பிரஷர் டெஸ்ட். ஆயில் சென்சாரைக் கழட்டி, அந்த இடத்துல ஒரு கேஜை மாட்டி, இன்ஜின் நல்லா சூடானதும் ஐடிலிங்ல எவ்வளவு, வேகத்துல எவ்வளவுன்னு எழுதுறது. அந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன அளவோட ஒப்பிடணும். என் கருத்துல, இன்ஜினை இறக்கணுமா வேண்டாமாங்கிற பேச்சையே இந்த எண்ணுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கணும்.

5. பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்கிறது. ஆயில் மாத்தும்போது ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கிற பேப்பரை விரிச்சுப் பாருங்க. மினுமினுன்னு உலோகத் தூள் இருந்தா உள்ளே எதையோ அரைச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். சுத்தமா இருந்தா பாதிப் பயம் போச்சு.

இத்தனைக்கும் சேர்த்து அண்ணனுக்கு ஆன செலவு 1,800 ரூபாய். துவரங்குறிச்சியில ஒரு பட்டறை. பாய் முப்பது வருஷமா டீசல் வண்டி பார்க்கிறவர்.

அண்ணன் காரில் என்ன இருந்தது?

ஆயில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குறைவு. பதினோரு மாசமா யாரும் டிப்ஸ்டிக்கைத் தொடல. ஆயில் ஊத்தினதும் சத்தம் பாதி குறைஞ்சது. சூடான இன்ஜின்ல பிரஷர் சரியா இருந்தது. ஃபில்டர் பேப்பர்ல உலோகத் தூள் இல்லை.

மீதிப் பாதிச் சத்தத்துக்குப் பாய் இன்ஜெக்டர் பக்கம் போனார். மூணாவது இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கறுப்பா கரி படிஞ்சிருந்தது. "அண்ணே, இங்க பாருங்க. வாஷர் விட்டிருக்கு. கேஸ் லீக் ஆகுது. அந்தச் சத்தம்தான் டேப்பட் மாதிரி கேக்குது"ன்னு காட்டினார்.

இன்ஜெக்டருக்கு அடியில ஒரு சின்ன செம்பு வாஷர் இருக்கும். அது போனா சிலிண்டர் பிரஷர் ஒவ்வொரு சுத்துக்கும் அந்த வழியா வெளியே அடிக்கும். டிக் டிக் இல்லைன்னா சுக் சுக்னு கேட்கும். நாலு இன்ஜெக்டரையும் கழட்டி, உட்கார்ற இடத்தைச் சுத்தம் பண்ணி, நாலு புது வாஷர், புது ஆயில், நல்ல ஃபில்டர். எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். டெஸ்ட் செலவையும் சேர்த்தா 11,200.

1,18,000 எங்கே, 11,200 எங்கே. எஃப்.டி. அப்படியே இருக்கு. பொண்ணோட ஃபீஸ் பத்திரம்.

இதுல ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். இப்பவும் அந்தக் காரில் லேசா டிக் சத்தம் இருக்கு. பத்து வருஷ டீசல் இன்ஜின் அப்படித்தான் இருக்கும். அண்ணன் முழு அமைதியை எதிர்பார்த்தார். நான் சொன்னேன், "அமைதிக்கு இல்லண்ணே, திருச்சி போய்த் திரும்புறதுக்குத்தான் நாம காசு கொடுத்தோம்."

அப்போ சர்வீஸ் சென்டர் ஏமாத்துச்சா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு. பத்து வருஷ வண்டியில சின்னதா ஒன்னை மாத்தி அனுப்பினா, சத்தம் திரும்ப வந்தா, கஸ்டமர் வந்து சண்டை போடுவார். அதனால சந்தேகப்படுற எல்லாத்தையும் மொத்தமா மாத்திட்டா அவங்களுக்கு ரிஸ்க் இல்லை. டைமிங் செயின் செட், டேப்பட் செட், ஹெட் வேலை, எல்லாம் ஒரே எஸ்டிமேட்டில வந்துடும். வாரன்டி இருக்கிறப்போ அந்த ரிஸ்க் கம்பெனியோடது. வாரன்டி முடிஞ்சதும் அதை உங்க பர்ஸுக்கு மாத்திடுறாங்க. அதுக்கு நீங்க சம்மதிக்கணும்னு கட்டாயம் இல்லை. "எந்த டெஸ்டை வெச்சு இந்த முடிவுக்கு வந்தீங்க? எழுதிக் கொடுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. நல்ல இடமா இருந்தா எழுதிக் கொடுப்பாங்க.

வெளியே போய்க் காட்டவும் தயங்க வேண்டாம். 2011-ல கொடுக்கப்பட்ட ஒரு புகாரை விசாரிச்ச இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிச்சது. ஒரிஜினல் உதிரி பாகங்களையும் ரிப்பேர் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காம கட்டுப்படுத்தினதுதான் காரணம். அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு எல்லாம் நடந்தது. ஆனா அந்த உத்தரவு சொன்ன அடிப்படை முக்கியம்: கார் வாங்கினவருக்கு எங்கே ரிப்பேர் பண்றதுன்னு தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இருக்கணும்.

ரிப்பேரா, புது காரா? கணக்கு போடுவோம்

சரி, உங்க அதிர்ஷ்டம் அண்ணன் மாதிரி இல்லை. டெஸ்ட் பண்ணினா பிரஷர் குறைவா இருக்கு, நிஜமாவே 60,000 ரூபாய் வேலை இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்போ என்ன பண்றது?

2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. உண்மைதான். ஆனா விலை குறைஞ்சதால உங்க வருமானம் கூடிடல.

8 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 7 வருஷம். மாசத் தவணை சுமார் 13,075 ரூபாய். ஏழு வருஷத்துல மொத்தம் கட்டுறது கிட்டத்தட்ட 10.98 லட்சம். அதுல வட்டி மட்டுமே 2.98 லட்சம். முன்பணம், இன்சூரன்ஸ் இதுல சேரல.

இப்போ 60,000 ரூபாய் ரிப்பேர். அது காரை இன்னும் மூணு வருஷம் ஓட வைக்கும்னா மாசத்துக்கு 1,667 ரூபாய். ஒரு வருஷம்தான் ஓடும்னு வெச்சாக்கூட மாசம் 5,000. ரெண்டுமே 13,075-ஐ விடக் கம்மி. அதே ஜி.எஸ்.டி. மாற்றத்துல கார் உதிரி பாகங்களும் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு வந்திருக்கு. அதை யாரும் விளம்பரம் பண்ணல.

இதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு ரிப்பேர் பண்ணுங்கன்னும் சொல்ல மாட்டேன். நான் வெச்சிருக்கிற வரம்புகள் இவை:

- ரிப்பேர் பில், கார் இன்னைக்கு விற்கிற விலையில நாலில் ஒரு பங்குக்குள்ள இருந்தா பண்ணிடுங்க.
- நாலில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவுல இருந்தா, பாடி, சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ், ஏ.சி. எல்லாம் நல்லா இருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இன்ஜின் மட்டும் புதுசாகி மத்ததெல்லாம் ஓட்டை உடைசலா இருந்தா அர்த்தமில்லை.
- பாதிக்கு மேல போனா நிறுத்துங்க. உள்ளபடி சொல்லி அப்படியே விக்கிறது, நல்ல பழைய கார் ஒன்னு வாங்குறது, ரெண்டையும் யோசிங்க.

"செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஒன்னு கிடைக்குது சார், மாத்திடலாம்"னு யாராவது சொன்னா உஷாரா இருங்க. ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒன்னா இருக்கணும். மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முறைப்படி பதியணும். இல்லைன்னா நாளைக்கு விக்கும்போதும், இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணும்போதும் சிக்கல்.

அப்புறம் அந்த எஃப்.டி. விஷயம். அவசரமா பணம் தேவைன்னா உடைக்கிறதுக்கு முன்னாடி, எஃப்.டி. மேலயே கடன் கிடைக்குமான்னு பேங்கில கேளுங்க. பொதுவா எஃப்.டி. வட்டியை விட ஒன்னு ரெண்டு சதவீதம் கூடத்தான் இருக்கும். பர்சனல் லோன், கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ. எல்லாத்தையும் விட மலிவு.

வாரன்டி முடிஞ்சாலும் சில கதவு திறந்திருக்கும்

*இன்சூரன்ஸ்:* எதிர்பார்க்காதீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் கவர் பண்ணாது. 'இன்ஜின் புரொடெக்ட்' கூட முக்கியமா தண்ணி புகுந்து இன்ஜின் கெட்டுப்போறது மாதிரியான பாதிப்புக்குத்தான். தேய்மானச் சத்தத்துக்கு இல்லை.

*ரீகால்:* கம்பெனி வெப்சைட்டில உங்க சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க. ரீகால் இருந்தா, வாரன்டி முடிஞ்சிருந்தாலும் அந்தக் குறையை இலவசமா சரி பண்ணித் தரணும். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவு, பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல அரசாங்கத்துக்கே அதிகாரம் கொடுக்குது. அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-லிருந்து ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு நடைமுறையில இருக்கு.

இன்ஜின் சத்தத்துக்கெல்லாம் கம்பெனி இறங்கி வருமான்னு கேட்பீங்க. அமெரிக்காவுல வந்திருக்கு. ஹூண்டாய், கியா கார்களோட தீட்டா 2 இன்ஜின்ல பேரிங் கோளாறு, கீழ்ப் பக்கத்திலிருந்து டங் டங் சத்தம். 2015-ல ரீகால் ஆரம்பிச்சது. கடைசியில பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்ஜினோட அந்தப் பகுதிக்கு ஆயுள் கால வாரன்டியே கொடுத்தாங்க. 2020 நவம்பர்ல, ரீகாலை முறையா பண்ணலைன்னு ரெண்டு கம்பெனிக்கும் சேர்த்து 210 மில்லியன் டாலர் அளவுக்கு அபராத ஒப்பந்தம். உள்ளேயிருந்து தகவல் கொடுத்த முன்னாள் ஹூண்டாய் இன்ஜினியருக்கு 2021-ல 24 மில்லியன் டாலருக்கு மேல சன்மானம். இப்படி ஒரு நிலைமை வந்தா சர்வீஸ் பில்லும் ஆயில் மாத்தின பதிவும் கைகொடுக்கும். உங்க பில்லைத் தூக்கிப் போடாதீங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

*குட்வில்:* வாரன்டி சமீபத்துலதான் முடிஞ்சிருக்கு, சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா பண்ணியிருக்கீங்கன்னா, பார்ட்ஸ் செலவுல ஒரு பங்கைக் கம்பெனி ஏத்துக்குமான்னு ஈமெயில்ல கேளுங்க. கட்டாயம் இல்லை, ஆனா கேட்டுப் பார்க்கிறதுல ஒரு ரூபாய் செலவு இல்லை.

*நுகர்வோர் ஆணையம்:* செய்யாத வேலைக்குப் பில், மாத்தாத பார்ட்டுக்குக் காசு, இதெல்லாம் சேவைக் குறைபாடு. முதல்ல 1915 ஹெல்ப்லைன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மதிப்பு 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். அதுக்குத்தான் எழுத்துல எஸ்டிமேட், ஜி.எஸ்.டி. பில், மாத்தின பழைய பார்ட்ஸ், மூணையும் கேட்டு வாங்கச் சொல்றேன்.

இதை மட்டும் பண்ணாதீங்க

சத்தம் போகணும்னு கெட்டியான ஆயில், 'சத்தம் குறைக்கும்' டப்பா மருந்து ஊத்தாதீங்க. வலி மாத்திரை போட்டுக்கிட்டு உடைஞ்ச காலோட நடக்கிற மாதிரி அது. பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் இதுல ஒரு பாடம். சில பேர் விக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுவாங்க. அதனால கார் பார்க்கப் போறப்போ, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. பானெட் மேல கை வெச்சுப் பாருங்க, குளிர்ச்சியா இருக்கணும். முதல் ஸ்டார்ட்ல வர்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்க.

இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டியது

அண்ணன் எஃப்.டி.யை உடைக்கப் போனதுக்குக் காரணம் சத்தம் மட்டும் இல்லை. காருக்குன்னு தனியா ஒரு ரூபாய் கூட எடுத்து வைக்கல. வாரன்டி என்னைக்கு முடியும்னு கார் வாங்குற அன்னைக்கே தெரியும். மாருதி 2024 ஜூலையிலிருந்து சாதாரண வாரன்டியை 3 வருஷம் அல்லது ஒரு லட்சம் கி.மீ.ன்னு ஆக்கியிருக்கு. காசு கட்டி நீட்டிச்சா 6 வருஷம் வரைக்கும் போகலாம். எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒரு நாள் முடியத்தான் போகுது. நாம 10, 12 வருஷம் ஓட்டுறோம். அந்த மீதி வருஷங்களுக்கு நாமதான் வாரன்டி.

அதனால வாரன்டி முடியுற மாசத்திலிருந்து ஒரு ஆர்.டி. போடுங்க. மாசம் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 18,000, மூணு வருஷத்துல வட்டி இல்லாமலே 54,000. இதைப் பங்குச் சந்தையில போடாதீங்க. தேவைப்படுற அன்னைக்குச் சந்தை இறங்கியிருந்தா நஷ்டத்துல எடுக்கணும். ஆர்.டி. இல்லைன்னா தனி சேவிங்ஸ் கணக்கு போதும். பெயரே 'கார்'ன்னு வைங்க. செலவே வரலைன்னா அடுத்த காருக்கு முன்பணம் ஆச்சு.

கூடவே மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை டிப்ஸ்டிக். ரெண்டு நிமிஷ வேலை. அண்ணன் இப்போ காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கார். பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்கு முந்தின நாளும் ஒரு தடவை பார்க்கிறார். ஆர்.டி.யும் போன வாரம் மணப்பாறையில திறந்தாச்சு. முதல் தவணை 1,500 கட்டின ரசீதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, அந்த எஃப்.டி. பக்கம் இனிமே போக மாட்டேன்."

டிப்ஸ்டிக் பார்க்கிறது, ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறது ரெண்டையும் பட்டறையிலேயே படம் பிடிச்சிருக்கோம். நம்ம சேனல்ல இந்த வார வீடியோவா வருது. படிச்சு முடிச்ச கையோட, உங்க வீட்டுல வாரன்டி முடிஞ்ச கார் நின்னுச்சுன்னா ஒரு தடவை கீழே போய் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துட்டு வாங்க. வீடியோ அப்புறம் பார்த்துக்கலாம்.